ஏழாம் நம்பர் குடோனின் மூன்றாவது பிணம்

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். பொம்மிடி பக்கம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதிவிட்டு வருபவன். பெயர் மல்லையன். அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "ஈபிக்காரரு வந்திருக்காரு, நாயப் புடிங்க" என்பதோடு எனக்கும் ஊருக்குமான பேச்சு முடிந்துவிடும். ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூர் போயிருக்கிறார்கள், எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பார்க்கச் சகிக்காதது என் வீட்டு மீட்டர்தான். இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட்டைத் தாண்டாது. ஒரு லைட், ஒரு ஃபேன், நாற்பத்திரண்டு வயதில் ஒரு ஆள்.

பெண் பார்த்தார்கள், அமையவில்லை. பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். பார்க்க இருந்த ஒரே ஆளான என் அத்தை பழனியம்மாளும் போன வருஷம் ஆடியில் போய்ச் சேர்ந்தாள். இப்போது என்னோடு இருப்பது ஒரு சினிமா. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் குடோன்'. எண்பத்தாறில் வந்தது. பாப்பாரப்பட்டியில் ஒரு புளி குடோனில் பதினாறு நாளில் எடுத்து முடித்த படம். ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், வேன் நின்றுவிடுகிறது, குடோனில் தங்குகிறார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் புளி தட்டும் கட்டையால் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். அவ்வளவுதான் கதை. கொலைகாரன் ஏன் கொல்கிறான் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. எடுத்தவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

யூடியூபில் எட்டு வருஷமாக ஒரு பிரதி கிடக்கிறது. பழைய வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றியது, சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்துப் போயிருக்கும். கீழே எழுதுகிறவர்கள் எல்லாரும் கிண்டல்தான் செய்கிறார்கள். ராத்திரி சீனில் நிழல் விழுகிறதாம். வேன் நம்பர் மாறுகிறதாம். பெரிய கண்டுபிடிப்பு! அது எனக்கும் தெரியும். அந்த வேனில் முன்பக்கம் ஒரு நம்பர், பின்பக்கம் ஒரு நம்பர். இதைச் சொல்ல வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. கொலைகாரன் வருவதற்கு அந்தப் படத்தில் சங்கீதம் கிடையாது. டொக், டொக் என்று புளி தட்டுகிற சத்தம் மட்டும்தான். பகலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து தட்டும்போது காதில் விழுந்தும் விழாமலும் இருந்த அதே சத்தம், ஆளில்லாத குடோனில் ஒற்றையாகக் கேட்கும்போது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கச் சொல்லும். அடி விழுவதை எங்கேயும் காட்டுவதில்லை. காட்ட அவர்களிடம் வசதி இல்லை. அதனால் சத்தம் நின்றுவிடுகிறது, ஒரு புளியங்கொட்டை மட்டும் தரையில் உருண்டு வந்து கேமரா முன்னால் நிற்கிறது. எத்தனையோ படங்களில் பீப்பாய் பீப்பாயாக ரத்தம் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், கொட்டாவிதான் வந்தது. இந்தக் கொட்டை உருளும்போது இன்றைக்கும் எனக்குக் கால் கூசும்.

கொலைகாரன் நடப்பதையும் பாதி இடங்களில் காட்டுவதில்லை. கேமராவே அவனாகி நடக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே அது தட்டுத்தடுமாறிப் போகும்போது நாமே கட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறோமோ என்று ஒரு அசிங்கமான உணர்வு வரும். சாக்கு மாட்டிய நடிகர் வேலைக்கு வராத நாட்களில் இப்படி எடுத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். எப்படி வந்தால் என்ன? புத்தி இருந்தது, வேலை செய்தது.

இதையெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மதியம் டிரான்ஸ்பார்மர் நிழலில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவேன். 'ஏழாம் நம்பர்' என்ற பெயரில் எழுதுவது நான்தான். பல வருஷம் ஒருவரும் பதில் போட்டதில்லை.

எழுதாதது ஒன்றே ஒன்று. படத்தில் மூன்றாவதாகச் சாகிற பெண்ணைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அந்தப் பெண் உயிரோடு ஓடும்போது ஒருத்தி, செத்துக் கிடக்கும்போது இன்னொருத்தி. ஓடினவள் மெட்ராஸ் நடிகை. பிணமாகப் படுக்கமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாளாம். யூனிட்டில் இருந்தவர்கள் அவசரத்துக்கு, குடோனில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்கு அவளுடைய பாவாடை தாவணியைக் கட்டிவிட்டுப் படுக்கவைத்தார்கள். படுத்தது என் அம்மா குள்ளம்மாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு மூன்று.

ஆறு மாதத்தில் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் அங்கேயே ஒரு குடும்பம் ஆகி, அங்கேயே முடிந்தும் போனார். அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. ஸ்டுடியோவுக்குப் போய் நிற்கிற வழக்கமெல்லாம் எங்கள் ஆட்களிடம் அப்போது இல்லை. அவள் முகம் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தப் படம். அதிலும் பிணமாக.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்களாக நடித்தவர்கள் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அதையும் இரண்டு அடி ஃபிலிமில் பிடித்துவிடுவார்கள். அப்போதுதான் தோஷம் போகும், இல்லாவிட்டால் நடித்தது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அம்மாவையும் சிரிக்கச் சொல்லித்தான் படுக்கவைத்தார்களாம். அவள் சிரிக்கவில்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

சிரிக்காததற்குக் காரணம் நான். இதை அத்தை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கோபத்தில் சொன்னதில்லை. சோறு போடும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, சாதாரணமாகச் சொல்வாள்.

"உங்கம்மா ரத்தத்தோட படுத்துக் கெடந்தத பாத்துட்டு நீ வீல்னு அழுதியாம்டா. அவ பதறிப்போயி எந்திரிச்சி ஓடியாந்துட்டா. சிரிக்கணும்ன்றத மறந்துட்டா. நீ மட்டும் அன்னைக்கி அழுவாம இருந்திருந்தா..."

மீதியை அவள் முடிக்கமாட்டாள். முடிக்கத் தேவையும் இல்லை.

நான் டிப்ளமா படித்தவன், அரசாங்க வேலையில் இருப்பவன். கரண்ட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவனுக்கு இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மூன்று வயதில் நான் அழுததால் என் அம்மா செத்தாள் என்பது என் உடம்பில் எங்கோ ஏறி உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் அழுகிற வீட்டில் மீட்டர் பார்க்கப் போனால் இன்றைக்கும் நான் அவசர அவசரமாக எழுதிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

எனக்கு ஒன்பது வயதில் மாரியம்மன் பண்டிகைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து தெருவில் இந்தப் படத்தைப் போட்டார்கள். நம் ஊரில் எடுத்த படமாயிற்றே. மூன்றாவது பிணம் வந்ததும் அத்தை என் தலையைப் பிடித்துத் திருப்பி, "தோ, அவதான்" என்றாள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பிணம் கண்ணைத் திறந்தது, முகத்தை ஒரு பக்கம் திருப்பியது, உதடு விரிந்தது. அடுத்த சீன் வந்துவிட்டது. தெருவே கொல்லென்று சிரித்தது. "பொணம் சிரிக்குதுடோய்!" என்று விசில் அடித்தார்கள்.

வெட்டி எறிய வேண்டிய அந்த இரண்டு விநாடியை எடிட்டர் மறந்து படத்திலேயே விட்டுவிட்டார். நான் அத்தையிடம் கேட்டேன்.

"அத்த, அம்மா சிரிக்குது பாத்தியா?"

"அது சிரிப்பு இல்லடா. எந்திரிக்கறா. நீ அழுவறது காதுல வுழுந்துருக்கும்."

அந்த இரண்டு விநாடியைத்தான் நான் முந்நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். மங்கல் பிரதியில் முகம் ஒரு கறைதான். சில நாள் அது சிரிப்பாகத் தெரியும், அன்றைக்குச் சோறு இறங்கும். சில நாள் அழப்போகிற வாய் மாதிரி தெரியும். ஒன்று மட்டும் நிச்சயம், அவள் கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம், கொஞ்சம் கீழே, எதையோ பார்க்கிறாள். அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் காவியா வந்தாள். வந்தாள் என்றால், என் பக்கக் கணக்கான எழுத்துக்குக் கீழே பதில் போட்டாள். சொந்த ஊர் கம்பைநல்லூர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, பழைய பேய்ப் படம், கொலைப் படமெல்லாம் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து யூடியூபில் போடுவது பொழுதுபோக்கு. 'சார், இந்தப் படத்த இவ்ளோ ஆழமா பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். போன் பண்ணலாமா?' என்று எழுதியிருந்தாள். என்னை யாரும் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. நம்பரைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பேசினாள். அவளுக்கும் புளியங்கொட்டை பிடித்திருந்தது. அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன் என்பதை மறைப்பானேன். மூடிக்கிடந்த ஒரு டாக்கீஸின் ஆபரேட்டர் ரூமில் படத்தின் அசல் ரீல்கள் கிடைத்துவிட்டன என்றாள். சென்னையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதாம். முகம் முகமாகத் தெரிகிறதாம்.

"ஒரே ஒரு எடத்துல மட்டும் கத்திரி போடப்போறேன் சார். அந்தப் பொணம் சிரிக்கற எடம். படத்துலயே நல்ல கொலை அதான். கட்டை சத்தம் நிக்குது, கொட்டை உருளுது, அந்தப் பொண்ணு கெடக்குறா, செம்மையா பயம் வருது. ஒடனே எந்திரிச்சி எல்லாத்தையும் கெடுத்துடுது."

"வெட்டக் கூடாதும்மா" என்றேன்.

"ஏன் சார்?"

ஏன் என்று சொல்லியிருக்கலாம். என் அம்மா என்று ஒரு வார்த்தை போதும். வரவில்லை. வாழ்க்கையில் ஒருத்தரிடமும் சொல்லாததைப் போனில் எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக வாதம் செய்தேன். பழைய படத்தை இருக்கிறபடி விடுவதுதான் மரியாதை என்றேன். பிழையும் படத்தின் ஒரு பகுதி என்றேன். வேன் நம்பரைத் திருத்துவாயா, நிழலைத் திருத்துவாயா என்று கத்தினேன். அவளும் விடுகிறவள் இல்லை.

"நிழல் வேற சார். அத யாரும் பாத்துச் சிரிக்கறதில்ல. இந்த எடத்துல முப்பத்தொம்பது வருஷமா சிரிக்கறாங்க."

அது உண்மை. அந்தக் கொலையை அவ்வளவு நேசிக்கிற எனக்குத் தெரியாதா, அந்த இரண்டு விநாடி இல்லாவிட்டால் படம் எங்கேயோ உயர்ந்துவிடும் என்று? ரசிகனாக நான் அவள் பக்கம். பிள்ளையாக என்னிடம் இருப்பதே அந்த இரண்டு விநாடிதான். ஒரு மாதம் இப்படியே மல்லுக்கட்டினோம். ஒருநாள் அவளே சொன்னாள்.

"சார், நான் லீவுல ஊருக்கு வரேன். பொம்மிடிக்கே வந்து ரீல்ல இருக்கறத காட்டறேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. அதுல இன்னும் நீளமா இருக்கு. பதினோரு செகண்ட். கேசட் போட்டவங்க மீதிய வெட்டியிருக்காங்க போல."

பதினோரு விநாடி என்றதும், எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

வீட்டுக்கு வரச் சொல்ல எனக்குக் கூச்சம். ஒரே ஒரு நாற்காலி இருக்கிற வீடு. ரயில்வே ஸ்டேஷனில் சந்திக்கலாம் என்றேன். அப்பாவின் ஸ்கூட்டியில், முதுகில் பையோடு வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். என்னைவிட உயரம். மதிய வண்டி போய்விட்டிருந்தது, பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். வெயிலில் திரை தெரியவில்லை. என் மீட்டர் பையைத் தூக்கி நிழலுக்குப் பிடித்துக்கொண்டேன்.  

"மொதல்ல வெட்டினத பாருங்க சார்" என்றாள்.

டொக், டொக். சத்தம் நின்றது. கொட்டை உருண்டு வந்து நின்றது. பிறகு அம்மா.

முதல் முறையாக அவளுக்கு முகம் இருந்தது. கறுப்பு. அகல நெற்றி. காதில் ஓலைச்சுருளா, கம்மலா என்று அத்தையிடம் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஒன்றுமே இல்லை, வெறும் காது. புளிக்கரைசலும் வெல்லப்பாகும் குங்குமமும் கலந்த ரத்தம் நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. அந்தப் பாகுக்கு அன்றைக்கு அவள் பாயெல்லாம் எறும்பு மொய்த்ததாக அத்தை சொல்வாள். ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. நடந்தது. கண்ணோரம் வரை போயிற்று. அம்மா அசையவில்லை. இமைகூட அசையவில்லை. ஈ பறந்தது. அடுத்த சீன்.

 முந்நூறு தடவை பார்த்தவன் நான், அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று முதல் தடவையாக நம்பினேன். பயந்தேன்.

"எப்படி சார்?"

"மீதியக் காட்டுங்க" என்றேன். 

"அது ஒண்ணுமில்ல சார், குப்பை. ஒரு பையன்லாம் உள்ள வந்துர்றான். பாருங்க."

ஈ பறந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். இடது பக்கம், கொஞ்சம் கீழே பார்த்தாள். உதடு விரிந்தது. முந்நூறு தடவையும் இந்த இடத்தில்தான் எல்லாம் அறுந்து போகும். இப்போது அறுந்து போகவில்லை. உதடு இன்னும் விரிந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி, எனக்கு இருக்கிற அதே இடைவெளி, தெரிகிற வரை விரிந்தது. அம்மா சிரித்தாள். பல் தெரிய, கண் சுருங்க, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

இடது பக்கமிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். இடுப்பில் அரைஞாண் கயிறு தவிர ஒன்றும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அவள் மேல் விழுந்து இரண்டு கையாலும் அவளை அடித்தான். ஏன் செத்தாய் என்று அடிக்கிறவனை அவள் சிரித்துக்கொண்டே பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள். பையனின் முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மஞ்சள் பற்று போட்டிருந்தது.

மூன்று வயதில் கொதிக்கிற கஞ்சியை இழுத்து முதுகில் ஊற்றிக்கொண்டவன் நான். தழும்பு இன்னும் இருக்கிறது என்று சட்டை தைக்கிறவர் சொல்வார். என் முதுகை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஓரத்திலிருந்து யாரோ கை காட்டினார்கள். அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அதற்காகப் புதிதாகச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததில் மிச்சம் இருந்தது, அதையே அங்கேயும் காட்டினாள். பதினோரு விநாடி முடிந்தது.

"இன்னொரு வாட்டி" என்றேன்.

காவியா போட்டாள். பிறகு இன்னொரு முறை. நான்காவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சார், என்னாச்சு?"

"வெயிலு" என்றேன். "கண்ணு கூசுது."

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் போயிற்று, அது போகும் வரைக்கும் பேச வேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. நாற்பது பெட்டி இருக்கும். அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

"வெட்டிடுங்கம்மா."

அவள் அயர்ந்துபோனாள். "ஒரு மாசமா வெட்டக் கூடாதுன்னு என்கூடச் சண்ட போட்டீங்களே சார்!"

"படத்துக்கு அதான் நல்லது. நீங்க சொன்னதுதான் சரி. ஆனா வெட்டினத எங்கிட்ட குடுத்துடுங்க."

"இதையா? இத வெச்சி என்ன சார் பண்ணப்போறீங்க?"

"சும்மா. ரசிகன்."

என் போனிலேயே ஏற்றிக் கொடுத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பும்போது மட்டும் திரும்பி, "ஒடம்பப் பாத்துக்கோங்க சார்" என்றாள். நல்ல பெண். அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

நான் ஏன் வெட்டச் சொன்னேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சுலபமாகத்தான் இருந்தது. அவள் சிரித்தாளா இல்லையா என்று தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது. என் அழுகை கேட்டுப் பதறி ஓடியவள் இல்லை அவள். என் அழுகை கேட்டுத்தான் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு வந்தது. அதைத் தெருவில் டிவி வைத்துப் பார்த்து விசில் அடிக்க ஊருக்கு என்ன உரிமை? முப்பத்தொன்பது வருஷம் பார்த்தார்கள், போதும். இனிமேல் அவர்களுக்கு என் அம்மாவின் சாவைக் கொடுப்போம். பயப்படட்டும்.

வீட்டில் பதினோரு விநாடியைப் போட்டுப் பார்த்தேன். உடனே யாருக்காவது காட்ட வேண்டும் போல் இருந்தது. அத்தைக்குக் காட்ட வேண்டும். "பாரு, சிரிச்சிருக்கு பாரு" என்று போனை அவள் மூக்குக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அவள் அன்றைக்குக் குடோனில் இல்லவே இல்லை, களை எடுக்கப் போயிருந்தாள். யாரோ வந்து சொன்னதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா? எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அழுகை வந்தது. அடக்கவில்லை, சத்தம் போட்டு அழுதேன். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அது ஒரு சௌகரியம்.

படம் பொங்கலுக்கு முந்தின வாரம் யூடியூபில் ஏறியது. பளிச்சென்று இருந்தது. நான் டிரான்ஸ்பார்மர் நிழலில் உட்கார்ந்து கீழே என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் நம்பர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், வந்து தொலையட்டும். மற்றவர்கள் பயந்திருந்தார்கள். கொட்டை உருளுவதைப் பற்றி ஒரு பையன் நான்கு வரி எழுதியிருந்தான், பரவாயில்லை, புத்தியுள்ள பையன். நான்காவது நாள் காலையில் மாரியப்பன் என்று ஒருவர், ஓசூர்க்காரர், இப்படி எழுதியிருந்தார்.

'அந்த மூணாவது பொம்பள யாருங்க? மூஞ்சில ஈ வந்து ஒக்காருது, கண்ணு அசையல. பேருகூடப் போடல. இந்தப் படத்துலயே அதாங்க நடிப்பு.'

அன்றைக்கு எனக்குப் பாளையம் பக்கம் முப்பது வீடு. முதல் வீட்டு வாசலில் நின்று படித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டரை எழுதிவிட்டு, போனை எடுத்து, எழுத ஆரம்பித்து அழித்தேன். கடலைக்காட்டு ஓரத்து வீட்டில் ஒரு குழந்தை தொட்டிலில் கிடந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தாய்க்காரி அடுப்பிலிருந்து, "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று சிரித்தபடி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் அவசரப்படவில்லை. யூனிட்டை நிதானமாக எழுதினேன். வெளியே வந்து வேலி ஓரமாக நின்று போனில் அடித்தேன்.

'எங்கம்மாங்க. பேரு குள்ளம்மாள். அந்தக் குடோன்லயே புளி கொட்டை எடுத்தவங்க.'

பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது.

'அம்மாங்களா! நல்லா இருக்கோணும் அவங்க. ஏங்க, செத்தாப்ல நடிச்சா எந்திரிச்சி ஒருவாட்டி சிரிக்கணும்னு சொல்லுவாங்களே. சிரிச்சாங்களா?'

அடுத்த வீட்டில் நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இருங்கள் என்று கை காட்டிவிட்டு எழுதினேன்.

'சிரிச்சாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.'